சரஸ்வதி பூஜையில் மூன்று பாஸ்போர்ட்டுகள்

1

நேற்றுக் காலை சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். வசந்தா சந்தனம் குழைத்தாள், மகள் கயல் தன் புத்தகம்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். கோயிலுக்குப் போயிருந்த வீட்டுக்காரம்மா சறோ அக்கா திரும்பி வந்தார். அடுக்கிய புத்தகங்களை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சட்டைப் பையைத் தட்டினார். உள்ளே மூன்று பாஸ்போர்ட்டும் இருந்தன.

"ம், சரி. இனி மணியை அடியுங்கோ தம்பி."

இது என்ன புதுப் பழக்கம் என்று கேட்பீர்கள். திருப்பூர் நண்பர்கள் கடிதம் போடும்போதெல்லாம், "அங்கே சண்டையாமே, எப்படித்தான் இருக்கிறீர்களோ" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நன்றாக இருக்கிறோம் என்று ஒரு வரியில் பதில் போட்டு முடித்துவிடுகிறேன். போன வருஷத்துச் சரஸ்வதி பூஜையைப் பற்றி இதுவரை யாருக்கும் எழுதவில்லை. என் மடத்தனத்தை நானே எதற்குத் தபால் செலவு செய்து அனுப்ப வேண்டும் என்றிருந்தேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. இனிச் சொல்லலாம்.

2

ஃபாரின் போகிறேன் என்று திருப்பூரில் சொன்னபோது முதலில் எல்லோருக்கும் வாய் பிளந்தது. இலங்கை என்று சேர்த்துச் சொன்னதும் மூடிக்கொண்டது. "இலங்கை ஃபாரினா? ராமேஸ்வரத்துல இருந்து பார்த்தா தெரியுமாமே" என்றார் என் கட்டிங் மாஸ்டர். பனியன் கம்பெனியில் பதினோரு வருஷம் தையல் லைன் பார்த்தவன் நான். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு கார்மெண்ட்ஸ் ஃபாக்டரிக்கு லைன் சூப்பர்வைசர் தேவை என்று வந்த வாய்ப்பு. வாடகை வீட்டைக் காலி செய்து, அண்டா குண்டாவை மாமனார் வீட்டில் போட்டுவிட்டு, மூன்று வயது முடிந்த பிள்ளையோடு புறப்பட்டோம்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தில் மூன்றாம் மாடி. சறோ அக்காவின் தம்பி கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்த ஃபிளாட் அது. அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தனியாக இருந்தார். முன்னறையும் சமையலறையில் பாதியும் எங்களுக்கு. ஜன்னலைத் திறந்தால் ரயில் சத்தமும் கடற்காற்றும் ஒன்றாக வரும். திருப்பூரில் எட்டுக் குடித்தனம் இருந்த லைன் வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்ற வசந்தா, முதல் நாள் அந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்தவள் சமைக்கவே எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் கடையில் பாணும் தேங்காய்ச் சம்பலும் வாங்கிச் சாப்பிட்டோம். பாண் என்றால் நம் பிரெட்தான், ஆனால் பிரெட் மாதிரி சொத்தென்று இருக்காது.

தமிழ் பேசும் ஊர்தானே என்று வந்தோம். வந்த மூன்றாம் நாளே நான் பல்லைக் காட்டிக்கொண்டு, "அக்கா, உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று போய் நின்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?" இங்கே பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை இவர்கள் கதைப்பது என்பார்கள். ஒரு மாதத்துக்குள் கயல் எங்களைத் தாண்டிப் போய்விட்டாள். சாப்பிடுகிறாயா என்றால் "ஓம்" என்றாள். மாடியில் விளையாடும் சின்னப் பெண்ணைச் சிங்களத்தில் தங்கை என்று, "நங்கி" என்று கூப்பிட்டாள். தாத்தா பாட்டியோடு டெலிபோனில் பேசச் சொன்னால், "நான் பேந்து கதைக்கிறன்" என்று பிறகுக்குத் தள்ளிவிட்டு ஓடினாள். அந்தப் பக்கம் என் மாமியார், "பிள்ளை என்ன பாஷை பேசுது மாப்பிள்ளை?" என்று பதறினார்.

இன்னொன்று, போலீஸ் பதிவு. இந்த ஊரில் ஒரு தமிழ் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஸ்டேஷனில் பதிய வேண்டும். சறோ அக்கா அந்தப் படிவத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நாங்கள் வந்த அன்றே மழையில் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயர் சேர்த்தார். "என்னக்கா, நாளைக்குப் போனா ஆகாதா, நாங்க இந்தியாக்காரங்கதானே" என்று சிரித்தேன். அவர் குடையை என் பக்கம் சாய்த்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

3

ஃபாக்டரியில்தான் என் வண்டி மக்கர் செய்தது. என் லைனில் நாற்பது பெண்கள், எல்லோரும் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். திருப்பூரில் லைனின் இந்த முனையில் நின்று ஒரு சத்தம் போட்டால் அந்த முனையில் ஓவர்லாக் மெஷின் நின்றுவிடும். இங்கே நான் சத்தம் போட்டால் நாற்பது பேரும் அழகாகச் சிரித்தார்கள். தையலை இறுக்கு என்று கையால் காட்டினேன், ஒரு பெண் எழுந்து போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஐந்தாம் மாதம் மேனேஜர் கூப்பிட்டார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடியப்போகிறது. வேலை எனக்குத் தெரிகிறது, பாஷை தெரியவில்லை. கொட்டாஞ்சேனையில் ஐந்து நாள் சிங்கள மொழி முகாம் ஒன்று நடக்கிறது. போ. கடைசி நாள் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், விசாவும் நீளும். தேறாவிட்டால் விமான டிக்கெட் கம்பெனி செலவு.

வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், கயலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, திரும்பிப் போனா எந்த வீட்டுக்குப் போறது?"

அதுதான் கேள்வி. வீடும் இல்லை, பழைய வேலையில் வேறு ஆள் வந்தாயிற்று. ஃபாரின் போனவன் ஆறே மாதத்தில் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அந்த மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? அந்த ஐந்து நாட்களும் நான் கும்பிடாத சாமி இல்லை.

முகாம் குடும்பத்தோடு வரவேண்டிய முகாம். வகுப்பில் படித்ததை வீட்டில் பேசாவிட்டால் ஒட்டாது என்பது நிலூகா டீச்சரின் கொள்கை. டீச்சருக்கு இருபத்தைந்து வயதிருக்கும், சிரித்துக்கொண்டே கொல்லுவார். முதல் நாள் ஆளுக்கு ஒரு நூலில் பத்துச் சட்டைப் பொத்தான் கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டார். பெரியவர்கள் வாயில் சிங்களம் தவிர வேறு வார்த்தை வந்தால், கேட்டவர் ஒரு பொத்தானைக் கழற்றிக்கொள்ளலாம். மலையகத்திலிருந்து வந்த இரண்டு தபால்காரர்கள், ஒரு கொரியன் என்ஜினியர், நாங்கள், இன்னும் ஏழெட்டுப் பேர். மதியத்துக்குள் என் நூல் வெறும் நூலாகிவிட்டது. கயல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்பா, இதுக்குத் தமிழில என்ன?" என்று கேட்டுக் கேட்டு அறுவடை செய்தாள். இரண்டு கழுத்துக்குப் பொத்தான் சேர்த்துக்கொண்டு அரண்மனை இளவரசி போலத் திரிந்தாள்.

வசந்தாவிடம் ஐந்து நாளும் ஏழு பொத்தானுக்குக் குறையவில்லை. எனக்குத் தெரியாமலே அவள் மரக்கறிக் கடையிலும் மீன்காரரிடமும் தினமும் பேரம் பேசிப் பழகியிருக்கிறாள். இலக்கணம் தெரியாது, ஆனால் பேச்சு நிற்காது. நானோ இலக்கணத்தை எழுதி எழுதி நோட்டு ஒன்றை முடித்துவிட்டு, வாய் திறக்க மட்டும் பயந்துகொண்டிருந்தேன்.

4

முகாமின் கடைசி நாள் சரஸ்வதி பூஜையன்று வந்து விழுந்தது.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, திருப்பூரில் அன்றைக்கு மெஷின் ஓடாது. ஓவர்லாக்குக்கும் பிளாட்லாக்குக்கும் பொட்டு வைத்து, வாசலில் வாழை கட்டி, கத்தரிக்கோலையும் டேப்பையும் சாமி முன்னால் வைத்துவிட்டுப் பொரியும் பொட்டுக்கடலையும் தின்றுகொண்டு திரிவோம். எந்த ஆயுதம் சோறு போடுகிறதோ அதை வைக்க வேண்டும், மறுநாள் விஜயதசமி பூஜை முடியும்வரை தொடக்கூடாது. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தை முதல் ஆளாகக் கொண்டுபோய் வைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அன்று விடியற்காலையிலேயே வசந்தா குளித்துவிட்டுக் கோலம் போட்டுவிட்டாள். முகாம் நோட்டுகளையும் கயலின் சிலேட்டையும் வைத்தாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"உங்க ஆயுதம் எங்கீங்க?"

"கத்தரிக்கோலெல்லாம் ஃபாக்டரியில இருக்குது புள்ள."

"அப்ப இந்த ஊருல நமக்குச் சோறு போடறது எது?"

இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தது நான்தான். அதுவும் புத்தகம்தானே என்று பெருமையாக வேறு சொன்னேன். கம்பெனி அடையாள அட்டையையும் அதன்மேல் வைத்தேன். வசந்தா மூன்று பாஸ்போர்ட்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, ஆளுக்கொரு செவ்வந்திப் பூ வைத்தாள். விழுந்து கும்பிட்டோம். புறப்படும்போது வெளியே கையை வீசிக்கொண்டு போவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் பூஜையில் வைத்ததை எப்படி எடுப்பது? நான்கு நாளாக அதே பஸ்ஸில் போய் வந்தோம், யாரும் எதுவும் கேட்கவில்லை. பரீட்சையும் வாய்மொழிதான், நோட்டும் தேவையில்லை. சறோ அக்கா அந்த நேரம் கோயிலில் இருந்தார். இருந்திருந்தால் எங்களை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டார்.

5

பரீட்சை இதுதான். குடும்பத்துக்கு ஒரு தாள், தாளில் ஐந்து கட்டம். வெளியே போய் ஐந்து பேரிடம் சிங்களத்தில் பேசி ஒரு காரியம் முடிக்க வேண்டும். பேசியவர் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கையெழுத்திட வேண்டும். முப்பது வாங்கினால் தேர்ச்சி. ஒரு மணிக்குள் திரும்பி வர வேண்டும்.

வெங்காயக் கடைக்காரர் ஆறு போட்டார். தபால் ஆபீஸ் அம்மா ஐந்து போட்டு, என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார். மூன்றாவதாகக் கொச்சிக்கடைச் சர்ச் பக்கம் மெழுகுவர்த்தி வாங்கலாம் என்று நடந்தோம். கயல் என் தோளில், வசந்தா கையில் தூக்குப் பாத்திரம். அதில் முகாமில் எல்லோருக்கும் கொடுக்கக் கடலைச் சுண்டல். துறைமுகத்துக்குப் போகும் வீதியின் திருப்பத்தில் சோதனைச் சாவடி மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரரின் கை நீண்டது.

"ஐடென்டிட்டி?"

இந்தியா என்றேன். பாஸ்போர்ட் எங்கே என்றார். வீட்டில் என்றேன். ஏன் வீட்டில் என்றார். அந்த ஏனுக்கு என்னிடம் ஐந்து நாள் சிங்களத்தில் பதில் இல்லை. அவர் உள்ளே கைகாட்டினார்.

சின்ன அறை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு. மேசைக்குப் பின்னால் சார்ஜண்ட். அவர் கத்தவில்லை. எழுதுகிற பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களை நிதானமாகப் பார்த்தார், எனக்கு அதுதான் அதிகம் பயமாக இருந்தது. யுத்தம் நடக்கும் ஊரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், தமிழ் பேசுகிற, எந்தக் காகிதமும் இல்லாத ஒருவன். சட்டைப் பைக்குள் கைவிட்டால் வந்தது வெங்காயக்காரர் கையெழுத்துப் போட்ட தாள்.

பாஸ்போர்ட் வீட்டில் எங்கே என்று கேட்டார் சார்ஜண்ட். வசந்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சரஸ்வதி தேவிய லங்க," என்றாள். சரஸ்வதி அம்மன் பக்கத்தில். "அத பூஜாவ. பொத் அல்லன்ன பே. ஹெட்ட உதே வெனகல் பே." இன்றைக்குப் பூஜை, நாளைக் காலைவரை புத்தகத்தைத் தொடக்கூடாது.

சார்ஜண்டுக்குப் புருவம் ஏறியது. பாஸ்போர்ட் எப்படிப் புத்தகமாகும் என்றார். வசந்தா விடவில்லை. கையைப் படம்போல விரித்து வீணை வாசித்துக் காட்டினாள். தையல்காரன் கத்தரிக்கோல் வைப்பான், டிரைவர் பஸ்ஸுக்குப் பூப்போடுவான், எங்கள் வீட்டுக்காரருக்குக் கத்தரிக்கோல் ஃபாக்டரியில் இருக்கிறது, அதனால் பாஸ்போர்ட் என்று பாதி வார்த்தையிலும் பாதி அபிநயத்திலும் சொன்னாள். சார்ஜண்ட் தன் இடுப்பிலிருந்த துப்பாக்கியைத் தட்டி, அப்படியானால் இன்றைக்கு நான் இதையும் தொடக்கூடாதா என்று கேட்டார். வசந்தா ஒரு கணம் யோசித்துவிட்டு, "பே மஹத்தயா" என்றாள். தொடக்கூடாது ஐயா. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

தன் ஊரில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்காக அம்மாமார் சரஸ்வதியைத்தான் வேண்டிக்கொள்வார்கள் என்றார் சார்ஜண்ட். ஆனாலும் சட்டம் சட்டம். பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் விடமுடியாது. டெலிபோனை எங்கள் பக்கம் தள்ளினார்.

சறோ அக்காதான் எடுத்தார். வசந்தா, "அக்கா, கொச்சிக்கடை போலீஸ்ல இருக்கோம். பாஸ்போர்ட் மூணும் பூஜையில..." என்றாள். அதற்கு மேல் சொல்லவிடவில்லை. "வாறன்" என்று ஒரு சொல், ரிசீவர் வைத்த சத்தம்.

"எடுத்துட்டு வருவாங்களா?" என்று வசந்தா என்னிடம் கிசுகிசுத்தாள். "நவராத்திரி ஒம்பது நாளும் பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கறவங்க. பூஜையில கை வைக்க மனசு வருமா?" அக்கா அந்த மாதிரிதான். நாங்கள் வைத்த பூஜையை அக்கா கலைப்பாரா என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காத்திருந்த நேரத்தில் வசந்தா தூக்கைத் திறந்து சுண்டலைப் பரிமாறத் தொடங்கிவிட்டாள். சார்ஜண்ட் முதலில் வேண்டாம் என்றார். கயல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் மேசையில் வைத்த பிறகு எடுத்துக்கொண்டார். கான்ஸ்டபிள் இரண்டு தரம் வாங்கினார்.

6

முக்கால் மணி நேரத்தில் ஒரு திறீவீலர், நம் ஆட்டோதான், வந்து குலுங்கி நின்றது. சறோ அக்கா இறங்கினார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. ஈரத் தலை, பின்னல் இல்லை. வெளியே போக எப்போதும் இஸ்திரி போட்ட சேலை கட்டுகிறவர், வீட்டுச் சேலையோடு வந்திருந்தார். காலில் இரண்டு செருப்பு, இரண்டும் வேறு வேறு ஜோடி. பாஸ்போர்ட்டுகளை நெஞ்சோடு அணைத்திருந்தார். செவ்வந்திப் பூ ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சேலை முழுக்கக் குங்குமம்.

மேசையில் மூன்றையும் வைத்தார். சார்ஜண்ட் பூவை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, பக்கம் பக்கமாகப் பார்த்தார். விசா முத்திரையின்மேல் ஒரு பொட்டு இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு அக்காவைப் பார்த்து, இவர்கள் உங்களுக்கு யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். கேள்வி எனக்குப் புரிந்தது, அவருக்குப் புரியவில்லை. பத்து வருஷமாகக் கொழும்பில் இருக்கிறார், ஆனால் வெள்ளவத்தையில் சிங்களம் இல்லாமலே காலம் தள்ளிவிடலாம். "கெதர நோனா" என்று நானே சொன்னேன். வீட்டுக்கார அம்மா. சார்ஜண்ட் சரி என்று பாஸ்போர்ட்டுகளை நீட்டினார்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். வசந்தா பரீட்சைத் தாளை எடுத்து மேசையில் விரித்துவிட்டாள். "அத்சனக் தான்ன மஹத்தயா." ஒரு கையெழுத்துப் போடுங்கள் ஐயா. எனக்கு உயிர் போய் வந்தது. சார்ஜண்ட் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வெங்காயக்காரரின் ஆறை விரலால் தொட்டார், வயிறு குலுங்கச் சிரித்தார். கான்ஸ்டபிள் சிரித்தார், வெளியே நின்ற திறீவீலர்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், முக்கால் மணி நேரப் பயமெல்லாம் அந்தச் சிரிப்பில் போயிற்று. மூன்றாம் கட்டத்தில் சார்ஜண்ட் எழுதினார்: "சரஸ்வதியைப் பற்றி விளக்கினார். எனக்கு விளங்கியது. எட்டு." நாலாம் கட்டத்தைக் கான்ஸ்டபிள் பறித்துக்கொண்டார். ஏழு.

சறோ அக்கா மட்டும் சுவரோடு ஒட்டி, சிரிக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முகாமுக்குத் திரும்பும் வழியில் திறீவீலர்காரரோடு நான் தனியாகப் பேசி ஐந்து வாங்கினேன். அவருடைய ஊரையும் பிள்ளைகளையும் மட்டும்தான் கேட்டேன், ஆனால் பயமில்லாமல் கேட்டேன். கூட்டிப் பாருங்கள், முப்பத்தொன்று. ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிலூகா டீச்சரின் கையில் தாள். அவர் மூன்றாம் கட்டத்தைச் சத்தமாக வாசித்தார், முகாமே எழுந்து நின்று கைதட்டியது. கொரியன் என்ஜினியர் என்ன நடந்தது என்று தெரியாமலே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வசந்தா என்னைப் பார்த்தாள், மெதுவாகத் தலையை ஆட்டினாள். ஜன்னல் நமக்குத்தான் என்று அதற்கு அர்த்தம்.

7

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அக்காவும் வசந்தாவும் ஒரு சீட்டில், நான் கயலோடு பின்னால்.

"அக்கா, மன்னிச்சிருங்க. எங்களால உங்களுக்கும் பூஜையைக் கலைச்ச பாவம்" என்றாள் வசந்தா.

"சாமி கோவிச்சா பிறகு சமாளிக்கலாம். பொலிஸ் கோவிச்சா ஆர் சமாளிக்கிறது?"

நான் சிரித்தேன். அக்கா திரும்பிப் பார்த்தார், அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

"தம்பி, என்ர தம்பி ஒருக்கா அடையாள அட்டையை வீட்டில வைச்சிட்டுப் பாண் வாங்கப் போனவன். இந்தா, எங்கட சந்திக் கடைக்குத்தான். பதினொரு நாளுக்குப் பிறகுதான் வீட்டுக்கு வந்தவன். வந்தும் ஏழு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் அவனைக் கனடாவுக்கு அனுப்பினது." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "நீங்கள் இந்தியாக்காரர். உங்களுக்கு இது ஒரு பம்பல், விளையாட்டு. நான் டெலிபோனை வைச்சிட்டு எந்தக் கடவுளையும் நினைக்கேல்லை. பூவைத் தட்டிவிடக்கூட நேரம் பார்க்கேல்லை. பிள்ளை பெஞ்சில இருக்கிற மாதிரி ஒரு நினைப்புத்தான் வந்தது."

மழையில் குடையை என் பக்கம் சாய்த்தவர் அன்றைக்கு ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் ஒரே கூரையின் கீழ் இருந்தும், அந்த ஆணியில் தொங்கிய காகிதத்தை நான் ஒரு வேடிக்கையாகத்தான் பார்த்திருக்கிறேன். கயலை எழுப்பி அக்காவின் மடியில் விட்டேன். அவள் உட்கார்ந்த உடனே மறுபடியும் தூங்கிவிட்டாள்.

8

மறுநாள் விஜயதசமி. கயலுக்கு ஏடு தொடக்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கோயிலுக்குக் கூட்டிப் போகலாம் என்றிருந்த வசந்தா, வீட்டிலேயே செய்துவிடலாம் என்று காலையில் மாற்றிக்கொண்டாள். சரஸ்வதிக்கு ஒரு மன்னிப்புத் தேங்காயும் உடைத்தாள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, கயலின் விரலைப் பிடித்து அ எழுதவைத்தாள். கயல் எழுதினாள், பாதி அரிசியைத் தரையில் தள்ளினாள், கற்கண்டைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். என் வேலைக்கும் விசாவுக்கும் சேர்த்து நான் ஒரு முறை விழுந்து எழுந்தேன்.

சறோ அக்கா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சேலை கட்டியிருந்தார். தாம்பாளத்தை எடுக்கப் போன வசந்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். கீழே உட்கார்ந்து, சிந்திய அரிசியையும் கூட்டிப் போட்டு, உள்ளங்கையால் சமமாகத் தடவிவிட்டார்.

"வசந்தா, எனக்கும் தொடக்கிவிடும்."

"என்னக்கா?"

"சிங்களம்." அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் அரிசியைப் பார்த்துச் சொன்னார். "நேற்று அந்த அறையில எல்லாரும் சிரிச்சவை. நீங்களும் சிரிச்சியள். நல்லதுக்குச் சிரிக்கினமோ, பொல்லாததுக்குச் சிரிக்கினமோ எண்டு விளங்காமல் நான் மட்டும் பயந்துகொண்டு நிண்டனான்."

வசந்தா எதிரே உட்கார்ந்தாள். அக்காவின் விரலைப் பிடித்தாள். அயன்ன என்று அந்த முதல் எழுத்தின் பெயரைச் சொல்லிச் சுழித்துச் சுழித்து எழுதவைத்தாள். நானும் குனிந்து பார்த்தேன், என் நோட்டில் இருந்ததைவிட வடிவாக இருந்தது.

"எழுத்துக் கிடக்கட்டும், அது பிறகு ஆறுதலாப் படிப்பம்" என்றார் அக்கா. "முதல் ஒண்டு சொல்லித் தாரும். நேற்று அந்தப் பொலிஸ்காரன் என்னட்டைக் கேட்டவன், இவை உமக்கு ஆர் எண்டுதானே?"

"ஆமாங்க்கா. இவரு வீட்டுக்காரம்மான்னு சொல்லிட்டாரு."

"அது பிழை." அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இவை எங்கட ஆக்கள். அதைச் சிங்களத்தில எப்பிடிச் சொல்லுறது?"

வசந்தா அவருடைய விரலை விடாமல் சொன்னாள். "மே அபே அய."

"மே அபே அய" என்றார் சறோ அக்கா. சரியாக வரவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை, வாசலில் யாரோ நிற்பது போல, உரக்கச் சொன்னார்.